மயிலாப்பூர் தந்த சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்

வயிற்றில் பிள்ளை சுமக்காத ஒரு பெண், எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாயாக விளங்கக்கூடும். கன்னியர் மடங்களை அறிந்த நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஆனால் மடத்தில் சேராமலும், துறவு உடை அணியாமலும், பிறந்த மதத்தை விடாமலும் ஓர் இந்துப் பெண்மணி அப்படிப்பட்ட வாழ்வை நம் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பகுதிகளிலேயே வாழ்ந்து காட்டினார். ஊரார் அவரை சிஸ்டர் சுப்பலட்சுமி என்றே அழைத்தார்கள். அவருடைய சரித்திரத்தை நம் பெண்மக்களும், பெண்களைப் பெற்றவர்களும் அறிந்திருப்பது நல்லது.

1886-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி மயிலாப்பூரில் சுப்பலட்சுமி பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாய் விசாலாட்சி. குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சை ஜில்லா ரிஷியூர். குழந்தை மகா புத்திசாலி. ஒன்பது வயதில் நாலாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் செங்கற்பட்டு ஜில்லாவுக்கே முதலாவதாகத் தேறினாள். பெற்றோர் பூரித்துப் போனார்கள். ஆனால் அந்தக் காலத்து வழக்கம் யாரையும் விட்டு வைக்கவில்லை. விளையாட்டு வயதிலேயே விவாகம் நடந்தது. விவாகமான கொஞ்ச காலத்துக்குள் கணவன் இறந்தான். வாழ்வு இன்னதென்று அறியாத சிறுமி விதவையானாள்.

அக்காலத்தில் விதவை என்றால் என்ன பொருள் என்பதை இன்றைய பிள்ளைகள் அறியார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர் எதிரில் அவள் வரக்கூடாது. பூவில்லை, பொட்டில்லை, வண்ணச் சேலை இல்லை. கலியாண வீட்டில் அவளுக்கு இடம் அடுப்படி மூலைதான். விதவைகள் மறுமணம் செய்யலாம் என்று 1856-ம் ஆண்டிலேயே சட்டம் வந்திருந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது, ஊர் வழக்கமோ வீட்டுக்குள் இருந்தது. எது வென்றிருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

சுப்பலட்சுமியின் பெற்றோர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. அவளைப் படிக்க வைப்பது என்று துணிந்தார்கள். அதே வீட்டில் சித்தி வாலாம்பாளும் இருந்தார். அவரும் இளமையிலேயே கணவனை இழந்தவர். துக்கத்தை அறிந்த அந்தச் சித்தி, சிறுமிக்கு இரண்டாம் தாயாக நின்றார். தந்தையிடம் ஆங்கிலம் பயின்ற சுப்பலட்சுமி, பிறகு எழும்பூரில் காணிக்கை மாதா சபைக் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்பட்டாள்.

அந்தக் கன்னியரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அயர்லாந்து தேசத்தில் நானோ நேகிள் என்னும் புண்ணியவதி 1775-ம் ஆண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுப்பதற்காகத் தொடங்கிய சபை அது. அச்சபைக் கன்னியர் 1842-ம் ஆண்டு கடல் கடந்து சென்னைக்கு வந்தார்கள். சொந்தமென்று ஒரு குடும்பம் இல்லாமல், ஊரார் பிள்ளைகளையே தம் பிள்ளைகளாக எண்ணி உழைத்த அவர்களை இளம் விதவை சுப்பலட்சுமி நாள்தோறும் கண்டாள். கணவனும் குழந்தையும் இல்லாத வாழ்வு சாபம் என்றுதான் ஊர் அவளுக்குச் சொல்லியிருந்தது. அதே வாழ்வைக் கன்னியர் தாமே விரும்பி ஏற்று, பிறருக்குப் பயனுள்ளதாக ஆக்கியிருப்பதை அவள் கண்கள் பார்த்தன. அந்தக் காட்சி நெஞ்சில் பதிந்தது. தன்னைப்போன்ற பெண்களுக்கே தன் ஆயுளை ஒப்படைப்பது என்று அவள் உறுதி செய்துகொண்டாள்.

பள்ளிப் படிப்போடு அவர் நிற்கவில்லை. ஆண்கள் நிறைந்த மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு விதவை வீட்டைவிட்டு வெளியே வந்து கல்லூரிக்குப் போவதா என்று ஊர் கொதித்தது. சாதியிலிருந்து விலக்கி வைப்போம் என்று மிரட்டினார்கள். தெருவில் ஏளனம், வகுப்பில் ஒதுக்கம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, 1911-ம் ஆண்டு முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்து விதவை அவரே.

பட்டம் பெற்றவருக்கு எத்தனையோ வழிகள் திறந்திருந்தன. அவரோ தம் பழைய உறுதியை மறக்கவில்லை. நான்கு பால்ய விதவைகளைச் சேர்த்துக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அச்சமயம் பெண் கல்வி இலாகாவின் பரிசோதகியாக இருந்த மிஸ் கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் ஐரோப்பிய மாது வேறொரு கவலையில் இருந்தார். பெண் பள்ளிக்கூடங்களுக்கு உபாத்தியாயினிகள் கிடைக்கவில்லை. ஆண் வாத்தியார் இருக்கும் பள்ளிக்குப் பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். கலியாணமான பெண்களோ வேலைக்கு வருவதில்லை. ஆக, படித்த பெண் இல்லாததால் ஆசிரியை இல்லை, ஆசிரியை இல்லாததால் பெண்கள் படிக்கவில்லை. வீடுதோறும் மூலையில் வாடிக்கிடந்த விதவைச் சிறுமிகளைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக ஆக்கினால் இந்த முடிச்சு அவிழும் என்று இருவரும் கண்டார்கள். வீட்டுக்குப் பாரம் என்று எண்ணப்பட்டவளே நாட்டுக்கு வேண்டியவளாகி விடுவாள்!

1912-ம் ஆண்டு பெண்கள் கூடிப் பேசவும் உழைக்கவும் சாரதா மகளிர் சங்கம் ஏற்பட்டது. எழும்பூரில் வாடகை வீட்டில் விதவையர் இல்லமும் நடந்தது. சித்தி வாலாம்பாள் அந்த வீட்டின் அன்னையானார். சமையலும் பிள்ளைகளின் பராமரிப்பும் அவர் பொறுப்பு. பிள்ளைகள் பெருகவே இடம் போதவில்லை. கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற கட்டடம் இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-ம் ஆண்டு வாக்கில் கட்டியது அது. 1897-ம் ஆண்டு சுவாமி விவேகானந்தர் தங்கிச் சொற்பொழிவாற்றியதும் அங்கேதான். அந்தக் கட்டடமே விதவைச் சிறுமிகளுக்கு வீடாயிற்று. தலைமழித்து வீட்டுக்குள் ஒடுங்கி வந்த பெண்கள் அங்கே கடற்காற்றில் ஓடி விளையாடினார்கள், புத்தகம் எடுத்தார்கள். 1914-ம் ஆண்டு அதே கடற்கரைச் சாலையில் பெண்களுக்கென்று தொடங்கிய இராணி மேரி கல்லூரி, மேற்படிப்புக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

இல்லத்தின் ஆசாரங்களைப் பற்றி இருபுறமும் பேச்சு எழுந்தது. உணவிலும் வழிபாட்டிலும் பழைய பிராமணக் குடும்ப ஒழுங்கையே அம்மையார் கைக்கொண்டார். இல்லத்தில் சேர்க்கப்பட்டவர்களும் அந்தச் சமூகத்துச் சிறுமிகளே. விதவைகளைப் படிக்க வைத்துக் குலத்தைக் கெடுக்கிறார் என்று வைதிகர் தூற்றினார்கள். சாதி வேலியை ஏன் வைத்திருக்கிறார் என்று சீர்திருத்தக்காரர் குறை கூறினார்கள். இந்தக் குறை நியாயமற்றது என்று நாம் சொல்ல முடியாது. மற்றச் சமூகங்களிலும் கண்ணீர் விட்ட சிறுமிகள் உண்டல்லவா? ஆனால் ஆசாரம் கெடும் என்று ஒரு தகப்பன் அஞ்சினால், மகளை அனுப்பவே மாட்டான், அவள் இருட்டிலேயே கிடப்பாள் என்பதையும் அம்மையார் அறிந்திருந்தார். திறக்கக்கூடிய கதவை முதலில் திறந்தார். அவருடைய பிற்காலப் பணிகள் அந்த வேலியைத் தாண்டிப் பரந்தன.

1922-ம் ஆண்டு லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அம்மையாரே அதன் முதல் தலைவியானார். அங்கே பயின்று வெளிவந்த பெண்கள் பல ஊர்களிலும் ஆசிரியைகளானார்கள். ஒரு காலத்தில் எதிரில் வரக்கூடாது என்று விலக்கப்பட்டவள் எதிரிலேயே ஊர்ப் பிள்ளைகள் கைகட்டி நின்று அட்சரம் படித்தார்கள். வயதில் மூத்த விதவைகளும் படிக்க வேண்டும் என்று 1920-களில் சாரதா மகளிர் சங்கம் சாரதா வித்தியாலயத்தை ஏற்படுத்தியது. பின்னர் இராமகிருஷ்ண மிஷன் அதை ஏற்று நடத்தியது. தியாகராயநகரில் இன்றும் அப்பெயர் விளங்குகிறது.

நோய்க்கு மருந்து கொடுப்பது போதாது, நோயின் வேரையும் வெட்ட வேண்டும் என்று அம்மையார் எண்ணினார். குழந்தை மணம் இருக்கும் வரையில் குழந்தை விதவைகளும் இருப்பார்கள். ஆகவே அந்த வழக்கத்துக்கு எதிராகப் பேசி வந்தார். சிறுமிகளுக்கு 14 வயதுக்கு முன் விவாகம் செய்வதைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-ம் ஆண்டு நிறைவேறி, மறு ஆண்டு அமலுக்கு வந்தது.

உத்தியோகத்திலிருந்து விலகிய பிறகும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1942-ம் ஆண்டு மயிலாப்பூரில், படிக்காமலே வயதாகிவிட்ட பெண்களுக்காக ஸ்ரீ வித்யா கலாநிலயம் தொடங்கினார். சித்தி வாலாம்பாளின் நினைவும் அந்தப் பள்ளியோடு சேர்ந்திருக்கிறது. 1952 முதல் 1956 வரை மேல்சபை அங்கத்தினராக இருந்தார். 1954-ம் ஆண்டு தாம்பரத்துக்கு அருகில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூக நல நிலையம் ஏற்பட உழைத்தார். மயிலாப்பூர் மாதர் சங்கத்தின் பள்ளி 1956-ம் ஆண்டு வித்யா மந்திர் என்று பெயர் பெற்றது. அதற்கு வித்திட்டவரும் அவரே. 1920-ம் ஆண்டு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கமும், 1958-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. அவர் விருதைத் தேடிப் போனவரல்லர்.

கடைசி வரையில் அவர் தாம் பிறந்த மதத்தின் பக்தியிலேயே நிலைத்திருந்தார். 1969-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி, இந்துக்கள் புண்ணிய தினமாகக் கொண்டாடும் வைகுண்ட ஏகாதசியன்று, 83-ம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. சொந்தப் பிள்ளை இல்லாத அந்தத் தாயை நினைத்து அழப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

பங்குக் குடும்பத்தாரே, இந்தச் சரித்திரத்தில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. எழும்பூர்ப் பள்ளியில் படிப்புச் சொல்லிக் கொடுத்த அந்தக் கன்னியர், பின்வாங்கில் உட்கார்ந்திருந்த விதவைச் சிறுமி தங்களைப் பார்த்து என்ன தீர்மானித்தாள் என்பதை அன்று அறிந்திருப்பார்களா? தங்கள் கடமையைச் செய்தார்கள், அவ்வளவே. அதன் பலன் அவர்கள் எண்ணியிராத இடத்தில் விளைந்தது. நம்மையும் யாரோ ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

மற்றொன்று நம் வீட்டுக் காரியம். நயீன் ஊர் விதவையின் கண்ணீரைக் கண்டு மனமிரங்கியவர் நம் ஆண்டவர். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பெருமைப்படுத்தியவரும் அவரே. அவரை ஆராதிக்கும் நம் வீடுகளில், மகனின் மந்திரிப்பு நாளன்று கணவனை இழந்த தாய் ஏன் தானாகவே பின்னுக்கு ஒதுங்குகிறாள்? பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது விதவையான அத்தையை யாரும் ஏன் கூப்பிடுவதில்லை? வாயால் யாரும் விலக்குவதில்லை. ஆனால் முன்னே வா என்று கையைப் பிடித்து அழைப்பவரும் இல்லை. அடுத்த விசேஷத்தில் முதல் ஆசீர்வாதம் அந்தக் கையால் நடக்கட்டும். சுப்பலட்சுமி அம்மையார் ஆயுள் முழுவதும் செய்த காரியத்தில் ஒரு சிறு பங்கையாவது நம் குடும்பம் செய்ததாக இருக்கும்.