கிப்ளிங் யாரிடமும் சொல்லாத வீடு

மௌக்லியைத் தெரியாத பிள்ளைகள் குறைவு. ஓநாய்கள் எடுத்து வளர்த்த பையன், காட்டுக்கும் முழுதாகச் சொந்தமில்லை, ஊருக்கும் சொந்தமில்லை. அவனைப் படைத்த ருட்யார்ட் கிப்ளிங்கும் பிறர் வீட்டில் விடப்பட்டு வளர்ந்தவர்தான். ஆனால் அவருக்கு வாய்த்த வீட்டில் அந்த ஓநாய்களின் பரிவு இருக்கவில்லை.

1865 டிசம்பர் 30ஆம் திகதி பம்பாயில் பிறந்தார். தந்தை அங்கிருந்த கலைக் கல்லூரியில் ஆசிரியர். ஆயாவின் மடியில் வளர்ந்த சிறுவனுக்கு ஆங்கிலத்தை விட ஹிந்துஸ்தானிதான் சரளமாக வந்தது. 1871இல், ஆறு வயது நிறையுமுன், மூன்று வயதுத் தங்கை ட்ரிக்ஸுடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தென்கரையிலுள்ள சவுத்சீயில், பத்திரிகை விளம்பரம் மூலம் கண்டுபிடித்த ஒரு வீட்டில் காசு கட்டி இருவரையும் விட்டுவிட்டுப் பெற்றோர் பம்பாய் திரும்பினர். போகப்போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

அவர்கள் கல்நெஞ்சக்காரர் அல்லர். முந்தைய ஆண்டுதான் ஒரு கைக்குழந்தையைப் பறிகொடுத்திருந்தார்கள். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் நோய்க்குப் பயந்து பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்புவது அன்று வழக்கம். உயிராவது தப்பட்டும் என்று பிள்ளையை உறவினர் வீட்டுக்கும் விடுதிக்கும் கடல் கடந்தும் அனுப்பிய பெற்றோர் எங்கள் ஊர்களிலும் இருக்கிறார்கள். அந்த முடிவின் பாரம் அவர்களுக்குத் தெரியும். ஏன் அனுப்புகிறார்கள் என்று யாரும் சொல்லாதபோது, அம்மா தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்றுதான் அந்த வயதுப் பிள்ளை நினைக்கும்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கப்டன். சிறுவனிடம் அன்பாக இருந்தவர் அவர் ஒருவரே. சில ஆண்டுகளில் அவர் இறந்துபோக, அவருடைய மனைவியின் கையிலும் மகனின் கையிலும் சிறுவன் அகப்பட்டான். அடி, நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தல், அன்றாடம் குறுக்கு விசாரணை. ஒருமுறை பொய்யன் என்று எழுதிய அட்டையை முதுகில் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். தண்டனையாக வாசிப்பைத் தடைசெய்தபோது ஒளித்து வாசித்தான். கண்பார்வை மெல்ல மங்கியது. தங்கையைக் கப்டனின் மனைவி செல்லமாக நடத்தினார். இதனால் ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமான வாழ்வு.

கிறிஸ்மஸ் காலத்தில் லண்டனில் தாயின் தங்கை ஜோர்ஜியானா வீட்டுக்குப் போவான். அங்கே அன்பும் புத்தகங்களும் ஓவியர்களின் கலகலப்பும் இருந்தன. ஆனால் சவுத்சீயில் நடப்பதை அங்கும் வாய்திறந்து சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிற்காலத்தில் அந்தச் சித்தி பலமுறை கேட்டிருக்கிறார். தமக்கு நேர்வதை மாற்றமுடியாத விதியாகவே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள்; சொல்லிவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பினால் என்ன நடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும் என்று முதுமையில் விளக்கம் எழுதினார் கிப்ளிங். சிறுவர் இல்லங்களில் வேலை செய்பவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய பகுதி இது.

1877இல் தாய் வந்தார். இரவு முத்தமிடக் குனிந்தபோது, அடி விழப்போகிறது என்று சிறுவன் கையை உயர்த்தி முகத்தை மறைத்தான். அதன்பிறகே அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டான். ஆச்சரியம் என்னவென்றால், ட்ரிக்ஸைச் சில காலத்தின் பின் மறுபடியும் அதே வீட்டில் விட்டார்கள்.

அந்த ஆறு ஆண்டுகளைக் கிப்ளிங் முதலில் கதையாகத்தான் சொன்னார். 1888இல், 23 வயது நிறையும் தறுவாயில், பா பா பிளாக் ஷீப் என்ற சிறுகதையை இந்தியாவிலேயே வெளியிட்டார். பஞ்ச், ஜூடி என்ற அண்ணனும் தங்கையும் அதில் பிறர் வீட்டில் விடப்படுகிறார்கள். தாய் திரும்பி வந்ததும் காயம் ஆறிவிடுவதாகக் கதை பாசாங்கு செய்யவில்லை. பெற்றோர் அதை எப்படி வாசித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அவர் மிகைப்படுத்திவிட்டார் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் அந்த வீட்டின் கொடுமையைப் பற்றி ட்ரிக்ஸும் பின்னாளில் எழுதினார். அதன் பிறகு 1894இல் ஜங்கிள் புக், 1901இல் பெற்றோரில்லாமல் லாகூர்த் தெருக்களில் திரியும் கிம். 1907இல் நோபல் பரிசு.

ஒடுக்கப்பட்டவர்களின் எழுத்தாளர் அல்லர் அவர். பேரரசின் பக்கம் உறுதியாக நின்றார். ஜாலியன்வாலாபாக்கில் சுட உத்தரவிட்ட டயருக்காகத் திரட்டப்பட்ட நிதிக்குப் பணமும் கொடுத்தார். சிறுவயதில் அடிவாங்கியவர் அடிவாங்குபவர்களின் பக்கம் வருவார் என்று எதிர்பார்த்து அவரிடம் போனால் ஏமாற்றம்தான்.

1899இல் மூத்த மகள் ஜோசபின் ஆறு வயதில் நியுமோனியாவால் இறந்தாள். முதலாம் உலகப் போரில், பார்வைக் குறைவால் நிராகரிக்கப்பட்ட மகன் ஜோனைத் தன் செல்வாக்கைப் பயன்படுத்திப் படையில் சேர்த்தார். 1915 செப்டம்பரில், 18 வயது நிறைந்து ஆறு வாரங்களில், பிரான்சின் லூஸ் சமரில் ஜோன் காணாமல் போனான். உயிர்தப்பிய சிப்பாய்களைத் தேடித் தேடி விசாரித்தார்கள் பெற்றோர். உடல் கிடைக்கவில்லை. 1992இல் பெயரில்லாத ஒரு கல்லறைக்கு ஜோனின் பெயர் சூட்டப்பட்டது. அது அவன்தானா என்ற விவாதம் அதன் பின்னும் தொடர்ந்தது.

கிப்ளிங் 1936 ஜனவரியில் இறந்தார். முற்றுப்பெறாத அவருடைய தன்வரலாறு அடுத்த ஆண்டு வெளிவந்தது. சவுத்சீ வீடு முதல் அத்தியாயத்திலேயே விரிவாக வருகிறது. ஜோசபினின் சாவும் ஜோன் காணாமல் போனதும் அந்தப் புத்தகத்தில் இல்லை.