பிடிக்காத பெயர்

விடுதியில் எனக்கு வேறொரு பெயர். வீட்டார் இட்ட திருநாவுக்கரசு என்ற பெயர் வடநாட்டு நண்பர்களின் நாவில் நிற்கவில்லை. வந்த முதல் வாரத்திலேயே அதைத் ‘திரு’ என்று குறுக்கிவிட்டனர். ஊரில் எவர் பெயருக்கு முன்னும் போடும் மரியாதைச் சொல்லே என் பெயராயிற்று! முதலில் எரிச்சலாக இருந்தது. ரெஜினால்டு மிட்செலின் வரலாற்றைப் படித்த பிறகு எரிச்சல் தணிந்தது. தாம் படைத்த விமானத்துக்குப் பிறர் இட்ட பெயரை அவரும் விரும்பவில்லை. இன்றோ, அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவரையே அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது. ‘ஸ்பிட்பயர்’ என்பதே அப்பெயர்.

மிட்செல் 1895-இல் இங்கிலாந்தின் ஸ்டாபர்ட்ஷயரில் பிறந்தார். பதினாறாம் வயதில் ரயில் எஞ்சின் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். பகலில் பட்டறை, இரவுப் பள்ளியில் கணிதமும் பொறியியலும். 1917-இல் சௌதாம்ப்டனில் கடல் விமானங்கள் கட்டிவந்த சூப்பர்மரைன் கம்பெனியில் சேர்ந்தார். இருபத்தைந்து வயது முடிவதற்குள் அங்கே தலைமை வடிவமைப்பாளர் ஆனார். ஷ்னைடர் கோப்பைக்கான பந்தயங்களில் 1927, 1929, 1931 ஆகிய மூன்று முறையும் அவருடைய விமானங்களே வென்றன. 1931-இல் அவருடைய எஸ்.6பி மணிக்கு 400 மைல் வேகத்தையும் தாண்டியது.

இத்தனை வெற்றி கண்டவருக்குத் தோல்வியும் வந்தது. விமான அமைச்சகம் கேட்டபடி அவர் செய்த முதல் போர் விமானம் 1934-இல் பறந்தது. எஞ்சினில் சூடேறிய நீரை ஆவியாக்கி, இறக்கையின் முன்விளிம்பில் குளிரச்செய்து, மீண்டும் நீராக்கி அனுப்புவது அதன் ஏற்பாடு. தாளில் பார்த்தால் அழகான யோசனைதான். வானில் ஏறும்போது எஞ்சின் சூடு அடங்கவில்லை. வேகமும் மணிக்கு 230 மைலை எட்டவில்லை. அமைச்சகம் வேறொரு விமானத்தைத் தேர்ந்தெடுத்தது.

நண்பர்களே, ஸ்பிட்பயர் என்ற பெயர் முதலில் ஒட்டியது தோற்றுப்போன இந்த விமானத்தில்தான்! சூப்பர்மரைனை 1928-இல் வாங்கியிருந்தது விக்கர்ஸ் நிறுவனம். அதன் விமானப் பிரிவுத் தலைவர் சர் ராபர்ட் மக்லீன், துடுக்கும் வெடுக்குமாகத் திரிந்த தம் மகளை அப்படித்தான் செல்லமாக அழைப்பாராம். வாயைத் திறந்தால் தீப்பொறி பறக்கும் பெண் என்பது அச்சொல்லின் பொருள். அந்தச் செல்லப் பெயரையே அவர் விமானத்துக்கும் இட்டார்.

தோற்றதைத் திருத்திக்கொண்டிருக்க மிட்செல் விரும்பவில்லை. புதிதாக வரைந்தார். ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சின், உள்ளே மடங்கும் சக்கரங்கள், நீள்வட்ட வடிவில் மெல்லிய இறக்கை. இறக்கை மெல்லியதானால் காற்றின் தடை குறையும். ஆனால் துப்பாக்கிகளுக்கும் சக்கரங்களுக்கும் அடிப்பகுதியில் இடம் வேண்டும். நீள்வட்டம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

இதற்கிடையில் அவர் உடலுக்குள் வேறொரு போர். 1933-இல் மலக்குடல் புற்றுநோய்க்குப் பெரிய அறுவை நடந்தது. நோய் திரும்பலாம் என்று தெரிந்தும் வரைபலகைக்கே திரும்பினார். அடுத்த ஆண்டில் விமானம் ஓட்டக் கற்று உரிமமும் பெற்றார்! 1936 மார்ச் 5-ஆம் நாள் ஈஸ்ட்லியில் புதிய விமானம் முதன்முதலாக எழும்பியது. ஜூனில் 310 விமானங்களுக்கு ஆணை வந்தது. பழைய பெயரே இதற்கும் வந்து சேர்ந்தது. அசட்டுப் பெயர் என்பதே மிட்செலின் எண்ணம். ஆனால் பெயருக்காக அவர் நாளை வீணாக்கவில்லை. வீணாக்க அவரிடம் நாளும் இல்லை. 1937 ஜூன் 11-ஆம் நாள், நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

1940-இல் பிரிட்டன் வான்போரில் அவர் விமானம் புகழ்பெற்றதை அவர் காணவில்லை. எண்ணிக்கையில் ஹரிக்கேன் விமானங்களே அப்போரில் மிகுதி; மக்கள் மனத்தில் பதிந்ததோ ஸ்பிட்பயர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. அவற்றை ஓட்டிய 234-ஆம் அணி ‘சென்னை மாகாணம்’ என்ற பெயரைத் தாங்கியது என்பது நமக்கொரு வியப்பு.

சென்ற மாதம் என் ஓராண்டுச் சோதனை தோற்றது. வெற்றிடக் கலத்தில் எங்கோ கசிவு. எடுத்த அளவுகள் ஒன்றும் பயன்படவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா என்றிருந்தது. அப்போதுதான் இந்த வரலாறு கையில் கிடைத்தது. தோல்வி தாங்கிய பெயரையே வெற்றியும் தாங்கியது என்று படித்த இரவில் நான் பெட்டியைக் கட்டவில்லை. மறுநாள் காலை கலத்தைப் பிரித்தேன். ஆய்வுக்கூட வாசலில் யாரோ ‘திரு’ என்று அழைத்தார்கள். இப்போது வேலை இருக்கிறது, பிறகு வா என்று சொல்லிவிட்டுக் கசிவைத் தேடத் தொடங்கினேன்.