வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி



பிசிக்ஸ் என்றாலே நம்மில் பலருக்குப் பயம். இதெல்லாம் நமக்கு வராது என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் டியூஷனுக்கு ஓடுகிற தம்பி தங்கைகள் இவரைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

பெயர் கே.எஸ். கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4-ஆம் தேதி, தமிழ்நாட்டின் வத்திராயிருப்பு என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை விவசாயி, தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை, சென்னை என்று படித்துவிட்டு, 1920-இல் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்யக் கல்கத்தா போனார்.

1928-இல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது, ராமனோடு நின்று சோதனைகளைச் செய்தவர் கிருஷ்ணன். 1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. நாமாக இருந்தால் மனசு உடைஞ்சு போயிருப்போம், இல்லையா? கிருஷ்ணனோ அதற்கு முன்பே டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், வேறொரு கேள்வியில் மூழ்கிவிட்டார். ஒரு பொருள் காந்தத்தின் நடுவே எப்படி நடந்துகொள்கிறது என்பதே அந்தக் கேள்வி.

நாம் சுவாசிக்கும் காற்றையே பாருங்க. ஆக்சிஜன், நைட்ரஜன் இரண்டுமே ஈரணு மூலக்கூறுகள்தான். ஆனால் திரவ ஆக்சிஜனைக் காந்த முனைகளுக்கு நடுவே ஊற்றினால் ஒட்டிக்கொண்டு நிற்கும். திரவ நைட்ரஜன் வழிந்து போய்விடும். ஆக்சிஜனில் ஜோடி சேராத இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதே காரணம். சூடு ஏற ஏற மூலக்கூறுகளின் ஆட்டம் கூடும். காந்தத்துக்கு அடங்குவது குறையும்.

வாயுவில் மூலக்கூறுகள் கண்டபடி திரியும். படிகத்திலோ வரிசையாக நிற்கும். அதனால் படிகத்தின் காந்த குணம் திசைக்குத் திசை மாறும். இதை அளக்கக் கிருஷ்ணன் கையாண்ட வழி ரொம்ப எளிது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னப் படிகத்தைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கினார். ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். எவ்வளவு முறுக்கியபோது திரும்பியது என்பதை வைத்தே கணக்குப் போட்டார். படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதையும் அதிலிருந்து அறிய முடிந்தது. கோடிக்கணக்கில் செலவில்லை, பொறுமைதான் மூலதனம்.

உலகம் தேடி வந்தது. 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1946-இல் சர் பட்டம். 1947-இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். அங்கே சூடேறிய உலோகங்களிலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவதை ஆராய்ந்தார். 1954-இல் பத்மபூஷண், 1958-இல் பட்நாகர் பரிசை முதன்முதலில் பெற்றவரும் இவரே. 1961-இல் மறைந்தார். இவ்வளவுக்கும் நடுவே தமிழையும் சமஸ்கிருதத்தையும் அவர் விடவே இல்லை.

பலனை நினைக்காமல் கடமையைச் செய் என்று கீதை வகுப்பில் கேட்கிறோம். கிருஷ்ணன் அதை வாழ்ந்து காட்டினார். பரிசு யாருக்குப் போனாலும், அடுத்த கேள்வி நமக்காகக் காத்திருக்கிறது. அந்த பிசிக்ஸ் புத்தகத்தை இன்னொரு தடவை திறந்து பாருங்க.