விஞ்ஞான ஆசானாகிய விபுலானந்த அடிகள்

காரைதீவிற் பிறந்த நமக்கு விபுலானந்த அடிகளாரைப் புதிதாக அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. துறவி என்றும், முத்தமிழ் வித்தகர் என்றும், பேராசிரியர் என்றும் சிறுபிராயந் தொட்டுக் கேட்டு வளர்ந்தோம். ஆயினும், காவி உடுக்குமுன் அவர் விஞ்ஞான ஆசிரியராய் இருந்தார் என்பதை நம்முட் பலர் மறந்துவிட்டோம். அதனை மறந்தால் அவர் இயற்றிய தலையாய நூல் நமக்கு விளங்காது.

1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆந் திகதி, சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராக நம்மூரில் அவர் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக் கல்வி பயின்று, 1908இல், பதினாறாவது வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றபின், அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று விஞ்ஞான டிப்ளோமாப் பட்டம் பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமானார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானங் கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பட்டத்தையும் பெற்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். ஒரு கையில் இலக்கணம், மறு கையிற் பௌதிகம். இரண்டையும் அவர் கைவிட்டாரில்லை.

அக்காலத்தில் உயர்ந்த விஞ்ஞானக் கல்வி ஆங்கிலத்திலேயே நடந்தது. விசை என்ற பொருளை நம்மூர்ப் பிள்ளை அறியாதவனல்லன். கரைவலை இழுக்கும் கடற்கரைக்குச் சென்று பாருங்கள். விறைத்து நிற்கும் கயிற்றின் வழியே செல்வது இழுவை. மடி மணலில் உரைந்து வரும்போது அதனைத் தடுப்பது உராய்வு. தோணியை நீர் கீழிருந்து தாங்குவது மேலுதைப்பு. தோணியையும் மீனையும் நம்மையும் பூமி தன்பால் இழுப்பது ஈர்ப்பு. வளைத்த கம்பு கைவிட்டதும் நிமிர்வதற்குக் காரணம் அதன் மீள்தன்மை. தள்ளுதலும் இழுத்தலுமே விசையின் தொழில். அது தோன்றும் முறை பற்றியே பெயர்கள் வேறுபடுகின்றன. கையால் அறிந்த இவற்றைப் பள்ளியில் அயன்மொழியில் மனனஞ் செய்யவேண்டி நேரின், அறிவு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாய்ப் பிரிந்து நிற்கும். இக்குறையை வகுப்பறையிலேயே கண்டவர் நம் அடிகள்.

1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். துறந்தது இல்வாழ்வையே, விஞ்ஞானத்தை அன்று. 1936இற் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக, விஞ்ஞானத் துறைகளுக்கான தமிழ்ச் சொற்றொகுதி 1938இல் வெளிவந்தது. தமிழிற் பௌதிகம் பயிலும் மாணவர் யாவரும் இத்தகைய உழைப்புக்குக் கடன்பட்டவரே.

இனி, யாழ் நூலுக்கு வருவோம். பழந்தமிழர் வாசித்த யாழ் வழக்கொழிந்து பன்னூறு ஆண்டுகள் சென்றன. கருவியுமில்லை, மீட்டத் தெரிந்தாருமில்லை, ஏட்டில் எழுதிய சொற்களே எஞ்சின. அச்சொற்களிலிருந்து மறைந்த ஓசையை எவ்வாறு மீட்பது? புலவர்க்குப் பௌதிகந் தெரியாது; பௌதிகம் வல்லார்க்குச் சிலப்பதிகாரம் எட்டாது. இரண்டும் கைவந்த அடிகளார் முன்வந்தார்.

நரம்பின் ஒலி மூன்றைப் பொறுத்தது: அதன் நீளம், இழுவை, பாரம். இழுவை மாறாதிருக்க நீளத்தைப் பாதியாக்கினால் மீடிறன் இரு மடங்காகும். சுரம் ஒரு தானம் உயரும். நீளம் மாறாதிருக்க, இழுவையால் மட்டும் அவ்வுயர்வைப் பெற வேண்டின், இழுவையை நான்கு மடங்காக்க வேண்டும். மனிதர் மறந்தாலும் இந்நியதி மாறுவதில்லை. ஆதலின் பண்டைய நூல்கள் கூறும் சுர அளவுகளைக் கணக்கிற் கொண்டுவந்து, அழிந்த கருவியின் அமைப்பை ஆராய இடமுண்டாயிற்று. ஏறத்தாழ 14 ஆண்டுகள் இப்பணியில் ஈடுபட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய அவர், பிறர்க்குப் பயன்படும் எத்தனையோ பணிகளுக்கிடையே இதனை முடித்தார்.

1947ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறியது. அவருடைய ஆராய்ச்சியின்படி செய்யப்பட்ட யாழ்கள் அங்கு இசைக்கப்பட்டன. ஒன்றரைத் திங்களளவில், சூலை 19ஆந் திகதி, தமது 55ஆம் வயதில் அடிகளார் மறைந்தார். கல்லடியில், தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவில் அவர் திருமேனி அடக்கஞ் செய்யப்பட்டது.

இளைஞர்காள்! ஆண்டுதோறும் அவர் சிலைக்கு மாலை சூட்டுகின்றோம், அது தக்கதே. ஆனால், விஞ்ஞானம் கடினமென்று நம் பிள்ளையொருவன் புத்தகத்தை மூடிவைப்பானாயின், அம்மாலை வாடியதாகவே கொள்ளுவோம். அவனை அருகழைத்து, ஒரு கம்பியை இறுகக் கட்டி, மீட்டிக் காட்டுங்கள். இறுக்கம் ஏற ஏற ஓசை உயருவதை அவன் செவியே அறியட்டும். பெரியோர்களும் அவனுடன் அமர்ந்து கேட்பார்களாக. விபுலானந்த அடிகளாருக்கு நாம் செய்யும் வழிபாடு அங்கே தொடங்கும்.