பேராசிரியர் வாடியா

தன் வீட்டு அஸ்திவாரம் எத்தகையதென்று அயலானைக் கேட்டறிய வேண்டிய நிலை ஒரு குடும்பஸ்தனுக்கு நேருமாயின், அதைக் காட்டிலும் வெட்கக்கேடு வேறில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில் பாரத நாட்டின் நிலைமை அதுவே. 1851-ல் ஏற்பட்ட பூகர்ப்ப ஸர்வே இலாகாவின் மேற்பதவிகளை, மிகச் சிலர் நீங்கலாக, வெள்ளையரே வகித்து வந்தனர். எந்த மலையில் நிலக்கரி உண்டு, எந்தப் பாறையில் என்ன தாது உண்டு என்ற ஞானம் அவ்விலாகாவின் அறிக்கைகளுக்குள் அடங்கிக் கிடந்தது. அதை வெளிக்கொணர்ந்து நாட்டு வாலிபர் கையில் கொடுத்தவர் மந்திரியுமல்லர், தனவந்தருமல்லர். ஒரு கலாசாலை ஆசிரியர்.

ஸ்ரீ தாராஷா நோஷெர்வான் வாடியா 1883-ல் சூரத்தில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்டித் தந்து பெயர் பெற்ற பார்ஸி குலம் அவருடையது. பரோடா கலாசாலையில் கற்றுத் தேறி, 1907-ல் ஜம்மு நகரத்துப் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் கலாசாலையில் பூகர்ப்ப சாஸ்திர ஆசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 23. சீமைப் பட்டம் அவரிடமில்லை.

ஆனால் ஜம்முவோ சிவாலிக் குன்றுகளின்மேல் அமைந்த ஊர். ஹிமயத்திலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலும் கூழாங்கல்லும் இறுகி, பின்னர் மேலெழுந்து நிற்பவையே அக்குன்றுகள். ஆதிகால மிருகங்களின் எலும்புகள் அவற்றில் புதைந்து கிடக்கின்றன. வாடியா அக்குன்றுகளையே பாடசாலையாக்கிக் கொண்டார். விடுமுறை தோறும் சுத்தியுடன் மலையேறினார். மாணாக்கரையும் உடன் அழைத்துச் சென்றார். விநாயகரின் பெயர் பூண்ட ஸ்டெகோடான் கணேசா என்னும் பழைய யானையினத்தின் மண்டையோட்டையும், ஏறக்குறைய 10 அடி நீளமுள்ள தந்தத்தையும் அவர் கண்டெடுத்தது அவ்விடத்திலேதான்.

பாடம் சொல்லப் புகுந்தவருக்கு ஏற்ற புஸ்தகம் இல்லை. மெட்லிகாட், பிளான்போர்டு என்பவர்கள் 1879-ல் எழுதிய பெருநூல் 1893-க்குப் பின் புதுப்பிக்கப்படவில்லை. அது மாணாக்கருக்காக எழுதியதுமன்று. ஆகவே வாடியா தாமே எழுதலானார். 1919-ல் அவருடைய இந்திய பூகர்ப்ப நூல் லண்டனில் அச்சாயிற்று. அதைப் பலமுறை திருத்தி வெளியிட்டார். பல தலைமுறை மாணாக்கர் தம் நாட்டுப் பாறைகளின் சரித்திரத்தை அந்நூலிலேயே கற்றனர்.

பதினான்கு ஆண்டு ஆசிரியத் தொழிலுக்குப் பின், 1921-ல் பூகர்ப்ப இலாகாவில் உதவி ஸூபரின்டெண்டெண்டாக நியமனம் பெற்றார். ஐரோப்பியப் பட்டமின்றி அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. அங்கே அவர் செய்த தலையாய காரியம் ஒன்று. நங்க பர்வதத்தின் அருகே ஹிமயத் தொடர் முழங்கைபோல் சட்டெனத் தெற்கே மடங்குகிறது. இருவேறு மலைத்தொடர்கள் சந்திக்குமிடம் அது என்று கருதியோர் உண்டு. வாடியா கால்நடையாகப் பாறை வரிசைகளைத் தொடர்ந்து சென்று, இருபுறமும் ஒரே தொடரென்று கண்டார். தென்னாட்டுப் புராதனப் பாறை பஞ்சாப் சமவெளிக்கு அடியில் நாக்குப்போல் நீண்டிருக்கிறது. எழும்பிய மலை அதன்மேல் மோதி வளைந்தது என்று 1931-ல் நிலைநாட்டினார். மலையே சாட்சியாக நின்ற வழக்கு அது.

1938-ல் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றதும் இலங்கை ஸர்க்காரின் தாதுப்பொருள் நிபுணராகச் சென்று, 1944 வரை அத்தீவை ஆராய்ந்தார். சுதந்திரத்துக்குப்பின் அணுசக்திக்கு வேண்டிய தாதுக்களைத் தேடும் பணியை 1949 முதல் நடத்தினார். 1957-ல் ராயல் ஸொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது. இந்திய பூகர்ப்ப சாஸ்திரிகளில் முதன்முதல் அப்பெருமை பெற்றவர் அவரே. 1969-ல் காலமானார். அதற்கு முந்திய ஆண்டில் அவர் முயற்சியால் டில்லியில் தோன்றிய ஹிமய ஆராய்ச்சி ஸ்தாபனம், 1976-ல் டேராடூனுக்கு மாறி, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பதவிகளும் பட்டங்களும் அவருக்குப் பிற்காலத்தில் வந்தன. அவற்றுக்கெல்லாம் வித்து, யாரும் பாராட்டாத சிறு கலாசாலையில் கழிந்த அந்தப் பதினான்கு ஆண்டுகளே. தேசத்துக்கு என்ன செய்யலாமென்று வினவும் வாலிபர்கள் இதை மனத்தில் கொள்வார்களாக. காலடியிலுள்ள கல்லை அறிந்து, அதைப் பத்துப் பேருக்கு அறிவிப்பதும் தேசத்தொண்டே.