ஏடு காட்டிய வாசல்

நூலறிவு உள்ளத்தைப் பண்படுத்துமா என்னும் வினா எழும்போதெல்லாம் நம் நினைவில் முந்தி நிற்பவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். கி.பி. 1058இல் பாரசீகத்துத் தூஸ் நகரில் பிறந்தவர்கள். இளமையில் ஜுர்ஜானில் கற்றுத் திரும்பும் வழியில் கள்வரிடம் தம் குறிப்பேடுகளைப் பறிகொடுத்தார்கள். அவற்றை மன்றாடிக் கேட்டபோது, ஏட்டோடு போய்விடுவதும் கல்வியா எனக் கள்வர் தலைவன் நகைத்தானாம். ஏடுகள் திரும்பக் கிடைத்தன. ஆயினும் மூன்றாண்டுகள் ஊரிலிருந்து அவற்றை மனனம் செய்தார்கள். கள்வனையும் ஆசானாக ஏற்ற பணிவை என்னென்போம்!

1091இல் பக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியரானார்கள். முந்நூறு மாணவர்க்குப் பாடம் நடத்தியது போக எஞ்சிய பொழுதில், ஆசிரியர் துணையின்றியே தத்துவ நூல்களைக் கற்றுத் தேர்ந்தார்கள். பின்னர் அபூதாலிப் மக்கீ, ஹாரிஸ் முஹாஸிபி முதலிய ஞானியரின் நூல்களை ஆழ்ந்து கற்றார்கள். ஏட்டால் அறியத்தக்கது முடிந்தது, இனி உள்ளது வாழ்ந்து பெற வேண்டியது என்பதை அந்நூல்களே உணர்த்தின. புகழ் ஒருபுறமும் மனச்சான்று மறுபுறமும் இழுக்க, ஏறத்தாழ ஆறு திங்கள் தத்தளித்தார்கள். வகுப்பில் பேச நா எழவில்லை, உணவு இறங்கவில்லை, மருத்துவர் கைவிரித்தனர். 1095இல் பொருளைப் பகிர்ந்தளித்துவிட்டு டமாஸ்கஸ் சென்றார்கள்.

பள்ளிவாசல் மினாராவில் தனிமை, பைத்துல் முகத்தஸ், ஹஜ் எனக் கழிந்த துறவுக் காலத்தில் உருவானதே 'இஹ்யா உலூமித்தீன்'. அதன் முதற்பகுதியே கல்வியைப் பற்றியதுதான்.

1106இல் நைஸாபூரில் மீண்டும் பாடம் சொல்ல அமர்ந்தார்கள். முன்பு கற்பித்தது பதவியைத் தேடித்தரும் கல்வி. இப்போது கற்பிப்பது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வி என்று அவர்களே வேறுபடுத்தி எழுதியுள்ளார்கள். 1111இல் தூஸிலேயே மறைந்தார்கள்.