கைதியாய்ப் போய்த் திரும்பிய லாலி துரை



நமது புதுவை வீதிகளில் ஒன்றுக்கு லாலி தொலாந்தால் வீதி என்று பெயர். அதன் வழியாய் நீர் எத்தனையோ தடவை நடந்திருப்பீர். டூப்ளேயின் பெயரைச் சொன்னால் சிறுபிள்ளையும் கடற்கரைச் சிலையைக் கை நீட்டிக் காட்டும். லாலி யார் என்று கேட்டாலோ, வந்தவாசியில் தோற்றவர் என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துபோகும். தோற்றது உண்மைதான். யுத்தத்தில் தோற்ற தளகர்த்தர்கள் உலகத்தில் அநேகர். ஆனால் சத்துருக்கள் கையில் கைதியாகி, அவர்கள் விட்டுவிட, சுயமனதாய்ச் சொந்த ராஜாவிடம் திரும்பி வந்து, சொந்த ஜனங்கள் கைதட்டச் சிரச்சேதம் அடைந்தவர்கள் அநேகரல்ல. அந்தச் சரித்திரத்தையே இந்த வாரம் சொல்லப் புகுகிறோம். லாலியைப் பெரிய புண்ணியவான் என்று காட்டுவது நமது நோக்கமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

தாமஸ் ஆர்தர் லாலி 1702-ம் ஆண்டு ஜனவரி மாதம் பிரான்சு தேசத்தில் ரோமான் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் அயர்லாந்துக்காரர். இரண்டாம் ஜேம்ஸ் என்ற கத்தோலிக்க அரசர் இங்கிலாந்தின் சிம்மாசனத்தை இழந்தபோது, அவர் பட்சத்தில் நின்ற அயர்லாந்து வீரர் பலர் தேசத்தை விட்டுப் பிரான்சுக்கு ஓடிவந்து பட்டாளத்தில் சேர்ந்தார்கள். லாலியின் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். ஆகவே பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு புகட்டப்பட்டது இங்கிலீஷ்காரர் மீது பகை. இதை நீர் மனதில் வைத்துக்கொள்ளும்; பின்னால் வேண்டியிருக்கும்.

சிறுவயதிலேயே பட்டாளம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். 1745 மே 11-ல் பொந்தெனுவா என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரருக்கும் இங்கிலீஷ்காரருக்கும் பெரிய போர் நடந்தது. அதில் அயர்லாந்துப் படைகள் பாய்ந்த பாய்ச்சல் பேர்போனது. தம் பெயரால் வழங்கிய ரெஜிமெண்டை நடத்திய லாலிக்கு, பதினைந்தாம் லூயி ராஜா போர்க்களத்திலேயே பிரிகேடியர் பதவி கொடுத்தார். பிறகு ஸ்காட்லாந்திலே சார்லஸ் எட்வர்டு இளவரசருக்காகவும் போர் செய்தார். தைரியத்தில் அவரைக் குறை சொன்னவர்கள் இல்லை. நாக்கைப்பற்றித்தான் எல்லாரும் குறை சொன்னார்கள். கோபம் வந்தால் எதிரே நிற்பது யார் என்று பாரார்.

ஏழாண்டு யுத்தம் தொடங்கியதும் இந்தியாவுக்குச் சேனாதிபதியாக நியமிக்கப்பட்டு, 1758 ஏப்ரல் 28-ல் புதுவையில் இறங்கினார். ஜூன் 2-ல் கடலூருக்கு அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டை அவர் கையில் விழுந்தது. ஊரெல்லாம் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. சைனியத்துக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. கும்பெனியின் பொக்கிஷம் காலி. உத்தியோகஸ்தர்கள் மாத்திரம் செல்வமாய் இருக்கக் கண்டார் லாலி. அவர்களைத் திருடர் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒருவரிடம் உதவி கேட்கவேண்டிய நாளிலே அவரைத் திருடன் என்று அழைக்கிறவனுக்கு அப்புறம் யார் உதவுவார்? கெவர்னர் லெரீயும் ஆலோசனைச் சபையாரும் அன்று முதல் பகையாளிகளானார்கள்.

பணத்துக்காகவே தஞ்சாவூர் மீது படையெடுத்தார். வண்டி இழுக்க மாடு கிடைக்கவில்லை என்று, சாதி வித்தியாசம் பாராமல் ஊராரைப் பிடித்துச் சுமையிழுக்க வைத்தார். நாகூரைக் கொள்ளையிட்டார். கீழ்வேளூர்க் கோயிலிலே பொக்கிஷம் இருக்குமென்று குளத்தைக்கூடத் தேடவைத்தார், ஒன்றும் அகப்படவில்லை. கோயிலைச் சுற்றிவந்த ஆறு பிராமணர்களை ஒற்றர்கள் என்று பிடித்து, பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுவிட்டார். வாசகரே, இதை மறைத்து எழுதினால் நாம் சரித்திரம் எழுதுகிறவர்கள் அல்ல. தஞ்சாவூரும் பிடிபடவில்லை. சாபத்தைச் சம்பாதித்துக்கொண்டு வெறுங்கையாய்த் திரும்பினார்.

மற்றதைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை சென்னையை முற்றுகையிட்டார். இங்கிலீஷ் கப்பல்கள் வந்ததும் பின்வாங்கினார். தாஷே என்ற கப்பற்படைத் தலைவர் 1759-ல் மோரீசுத் தீவுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியிலே அயர் கூட் என்ற இங்கிலீஷ் தளகர்த்தரிடம் லாலி தோற்றார். அன்று புஸ்ஸி துரை கைதியானார். கூட் அவரை மரியாதையாய் நடத்தி, வாக்குறுதி வாங்கிக்கொண்டு புதுவைக்குப் போகவிட்டார். கைதியாகித் திரும்பிவந்த புஸ்ஸியை ஒருவரும் துரோகி என்று சொல்லவில்லை. அவர் பின்னாளில் பெரிய பதவியோடு மறுபடியும் இந்தியாவுக்கு வந்து, 1785-ல் இதே புதுவையில் காலமானார். அவரிடம் பணமும் இருந்தது, இனிய வாயும் இருந்தது.

அதன்பின் முற்றுகை. தரையிலும் கடலிலும் வழி அடைபட்டது. ஊருக்குள் பஞ்சம். 1760 நவம்பர் 27-ல், வாய்களைக் குறைக்கவேண்டுமென்று சுமார் 1400 தமிழ் ஜனங்களை, ஆண் பெண் பிள்ளைகள் என்று பாராமல், லாலி கோட்டைக்கு வெளியே தள்ளினார். இங்கிலீஷ்காரர் அவர்களைத் தங்கள் வரிசையைத் தாண்டவிடவில்லை. திரும்பி வந்தால் இந்தப் பக்கத்தார் சுட்டார்கள். எட்டு நாள் இரண்டு சேனைகளுக்கும் நடுவே, புல்லின் வேரைப் பிடுங்கித் தின்று கிடந்தார்கள். கடைசியிலே கூட் மனமிரங்கி வழிவிட்டார். அவர்களில் நம் வேதத்தார் எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர் என்று ஒருவரும் எண்ணி வைக்கவில்லை. எண்ண வேண்டியதுமில்லை.

1761 ஜனவரி முதல் நாள் அடித்த புயலில் இங்கிலீஷ் கப்பல்கள் சில உடைந்தன. ஒரு கணம் நம்பிக்கை பிறந்தது. பிரெஞ்சுக் கப்பல் ஒன்றாகிலும் வந்தால்தானே! யானையையும் குதிரையையும் நாயையும் தின்ற பட்டாளம் நிற்கமாட்டாமல் நின்றது. ஜனவரி 15-ல் சரணடையப் பேச ஒரு தூது புறப்பட்டது. அதில் சேசுசபை மடத்துப் பெரியவராகிய லவோர் சுவாமியாரும் இருந்தார். அவர் பெயரையும் மனதில் வைத்துக்கொள்ளும். மறுநாள் இங்கிலீஷ்காரர் ஊருக்குள் வந்தார்கள். நாட்குறிப்பு எழுதி இந்நகரத்துக்குப் பேர் தேடித்தந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த ஜனவரியிலேயே கண்மூடினார்.

இனி நடந்ததைக் கவனியும். லாலியைச் சென்னைக்குக் கொண்டுபோகப் பல்லக்கு வந்தது. அவர் நோயாளி. வாசலிலே கூடியிருந்தவர்கள் யார்? பிரெஞ்சு அதிகாரிகள், அவர் கீழே போர் செய்தவர்கள், கும்பெனி உத்தியோகஸ்தர்கள். அவரைக் கண்டதும் கூச்சலிட்டுப் பழித்தார்கள், அடிக்கவும் எழும்பினார்கள். அவரைக் காப்பாற்றியது இங்கிலீஷ் குதிரைவீரர். பிறந்தது முதல் எந்த ஜாதியைப் பகைத்தாரோ, அந்த ஜாதியின் வாள்தான் அவருக்கும் அவருடைய சொந்த மனிதருக்கும் நடுவே நின்றது. அவருக்குப் பின்னே துய்புவா என்ற கிழவர் வந்தார். கண் பார்வை மங்கியவர். கணக்குகளைச் சோதித்து, உத்தியோகஸ்தர்களின் ஊழலுக்கு அத்தாட்சிகள் சேர்த்து வைத்திருந்தவர். அவரையும் பழித்தார்கள். அவர் பதில் சொல்லி வாளை உருவினார். அந்த இடத்திலேயே ஒருவன் அவரைக் குத்திக் கொன்றுபோட்டான். அவருடைய காகிதங்கள் பறிபோயின.

இங்கிலீஷ்காரர் புதுவையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை போயிற்று, சேசுசபையார் கோவிலும் போயிற்று. இன்று நீர் பூசை காண்கிற ஜென்மராக்கினி மாதா கோவில் அதற்குப் பிறகு கட்டி 1791-ல் முடிந்தது.

லாலி 1761-ல் கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கே யுத்தக் கைதி. ஆனாலும் நிம்மதியாய் இருக்கலாம். பாரீசிலோ புதுவை உத்தியோகஸ்தர்கள் அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். லாலி புதுவையை இங்கிலீஷ்காரருக்கு விற்றுவிட்டார் என்று பேச்சுப் பரவிற்று. இதைக் கேட்டதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போய்ப் பதில் சொல்ல உத்தரவு கேட்டார். இங்கிலீஷ் அரசாங்கத்தார் அவர் வாக்கை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். இக்காலத்தில் சிறைக் கைதிக்குப் பரோல் என்கிறோமே, அந்தச் சொல் பிரெஞ்சில் வார்த்தை என்றே பொருள்படும் என்பது புதுவைக்காரருக்குத் தெரியும். மறுபடியும் ஆயுதம் எடுப்பதில்லை என்று ஒரு சேனாதிபதி சொன்ன வார்த்தையே போதுமானதாயிருந்த காலம் அது. சத்துரு அவர் வார்த்தையை நம்பினான்.

போகவேண்டாம் என்று தடுத்தவர்கள் உண்டு. பாரீசுக்கு வந்த பிறகும் தப்பியோட அவகாசம் இருந்தது. அவர் ஓடவில்லை. 1762 நவம்பரில் தாமாகவே பஸ்தீல் சிறைக்குள் போனார். தம் பக்கம் நியாயம் இருக்கிறபடியால் சீக்கிரம் வெளியே வருவோம் என்று நம்பினார்.

ஜனங்களின் மனதையும் பார்க்கவேண்டும். கனடா போயிற்று, வங்காளம் போயிற்று, புதுவை போயிற்று. கும்பெனியில் பணம் போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள். கப்பல் அனுப்பாத மந்திரிகளைக் கேட்க முடியாது. திரும்பி வராத தாஷேயைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்கக்கூடிய ஒருவர் தாமே நடந்துவந்து சிறைக்குள் உட்கார்ந்திருந்தார். அதிலும் அவர் அயர்லாந்துப் பெயர் உள்ளவர், முரட்டு வாய்க்காரர், சிநேகிதரில்லாதவர். இங்கிலீஷ்காரரிடம் விலைபோகக்கூடிய கடைசி மனிதர் அவர்தான் என்பதை யோசிக்க ஜனங்களுக்குப் பொறுமை இல்லை.

இங்கே நமக்கு வெட்கமான ஒரு காரியம் சொல்லவேண்டும். லவோர் சுவாமியார் பாரீசுக்குப் போய் 1763-ல் இறந்தார். அப்போது சேசுசபையைப் பார்லிமெண்டு என்ற பாரீஸ் நியாயஸ்தலம் ஒடுக்கிக்கொண்டிருந்த சமயம். அவர் காகிதங்கள் அதிகாரிகள் கையில் சிக்கின. அவற்றில் லாலிக்கு விரோதமாய் எழுதின நீண்ட குறிப்பு ஒன்று அகப்பட்டது. லாலியைப் புகழ்ந்து எழுதின வேறொன்றும் இருந்ததாக வோல்த்தேர் சொல்லுகிறார். வோல்த்தேர் நம் சபைக்கு எப்படிப்பட்ட சிநேகிதர் என்பது தெரிந்ததே. ஆகையால் அந்த இரண்டாவது காகிதத்தைப்பற்றி நாம் ஒன்றும் சாதிக்கப்போவதில்லை. முதலாவது காகிதம் நியாயஸ்தலத்திலே வாசிக்கப்பட்டது மெய். பேச்சிலே சொன்ன குறை காற்றோடு போகும். எழுதி வைத்த குறை எழுதினவன் செத்த பிறகும் சாட்சி சொல்லும். குருமாராகிய நாங்களும் இதைக் கவனிக்கவேண்டியவர்கள்.

விசாரணை வருஷக்கணக்காய் இழுத்தது. வக்கீல் வைத்துக்கொள்ள அவருக்கு உத்தரவு கிடைக்கவில்லை. 1766 மே 6-ல் தீர்ப்பு வந்தது: ராஜாவின் நன்மைக்கும் தேசத்தின் நன்மைக்கும் கும்பெனியின் நன்மைக்கும் துரோகம் செய்தவர், தலை வெட்டப்படவேண்டும். புதுவைவாசிகளைக் கொடுமைப்படுத்தினார் என்பதும் தீர்ப்பின் ஒரு வரியில் உண்டு. ஆனால் பாரீசிலே கூடின கூட்டம் கீழ்வேளூருக்காகக் கூடவில்லை. நடுவெளியிலே புல்வேர் தின்ற 1400 பேருக்காகவும் கூடவில்லை. அவர் செய்யாத விற்பனைக்காகவே அவர் மீது பல்லைக் கடித்தார்கள்.

தீர்ப்பைக் கேட்டதும் லாலி கையிலிருந்த ஒரு கவராயத்தினால் மார்பிலே குத்திக்கொண்டார், சாகவில்லை. மே 9-ல் குப்பை ஏற்றும் வண்டியில் அவரை ஏற்றினார்கள். ஜனங்களைப் பார்த்துப் பேசிவிடுவார் என்று வாயிலே பூட்டுப் போட்டார்கள். மன்னிப்பு வந்துவிடுமோ என்று அன்று பாரீசிலே பயந்தார்களாம். வாய்ப்பூட்டையும் குப்பை வண்டியையும் கண்டு மகிழ்ந்து கைதட்டினார்களாம். அவ்வூர்ச் சீமாட்டி ஒருத்தி அதை இங்கிலாந்திலிருந்த சிநேகிதருக்குக் கடிதமாய் எழுதினாள். அதை வாசித்த இங்கிலீஷ்காரருக்கு அருவருப்பு உண்டாயிற்று. கிரேவ் சதுக்கத்திலே லாலியின் தலை விழுந்தபோது அவருக்கு வயது 64.

கைதட்டிய ஊரின் மனம் மாறச் சில வருஷம் பிடித்தது. வோல்த்தேர் 1773-ல் இந்தியாவைப்பற்றி ஒரு புஸ்தகம் எழுதி இந்த அநியாயத்தை எடுத்துக்காட்டினார். திருச்சபைக்கு விரோதியாயினும் இந்தக் காரியத்தில் அவர் செய்தது நல்ல வேலை. அதைச் சொல்ல நாம் ஏன் கூசவேண்டும்? லாலிக்கு த்ரோபிம் ஜெரார் என்ற ஒரு மகன் உண்டு. 15 வயதுப் பிள்ளை. தன் தகப்பனார் யார் என்பதே தெரியாமல் பாரீசில் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். சிரச்சேதத்துக்கு முந்தின நாள்தான் அவனுக்குத் தெரிந்தது. அன்று முதல் அவனுக்கு வேறு வேலையில்லை. 1778 மே மாதத்தில், வோல்த்தேர் மரணப்படுக்கையில் இருந்தபோது, ராஜாவின் ஆலோசனைச் சபை பழைய தீர்ப்பைத் தள்ளிற்று. தள்ளினதே தவிர, குற்றமற்றவர் என்று சொல்லவில்லை. வழக்கு ரூவான் நியாயஸ்தலத்துக்குப் போயிற்று, பிறகு திஜோனுக்குப் போயிற்று. திஜோனில் 1783-ல் மறுபடியும் லாலிக்கு விரோதமாகவே தீர்ந்தது. மகன் பிற்காலத்தில் பெரிய பிரபுவாகி 1830-ல் இறந்தார். தகப்பனார் குற்றமற்றவர் என்று சொல்லும் தீர்ப்பை அவர் கண்ணால் காணவில்லை. புதுவையிலே துய்புவாவிடமிருந்து பறிபோன காகிதங்களும் எந்த நியாயஸ்தலத்துக்கும் வந்துசேரவில்லை.